மனசு ஒட்டாமல் சொல்லும் ஜெபமாலை ஜெபமாகுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. ஈரோட்டில் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்து, கருமத்தம்பட்டிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் தறியை நிறுத்தியதும் அத்தை ஜெபமாலையை எடுத்துவிடுகிறார். ஜெபமாலையின் மணிகள் பத்துப் பத்தாக ஐந்து பகுதி, அதில் மூன்றாவது பத்துமணிக்குள் உங்கள் மனசு பாவு நூலுக்கும் கூலிப் பாக்கிக்கும் பையனின் வீட்டுப்பாடத்துக்கும் போய்விடுகிறது. பிறந்த வீட்டில் மத்தேயு 6:7-ஐக் காட்டி, “இதைத்தான் ஆண்டவர் வேண்டாம்னார்” என்கிறார்கள். அத்தையோ ஒரு நாள் விட்டால் மறுநாள் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்கிறார். ஜெபமாலை வேதத்துக்கு ஒத்ததா என்று தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “மனசில்லாம சொல்றதுக்குச் சொல்லாம இருக்கறதே ஆண்டவருக்கு மரியாதை இல்லைங்களா?” என்று கேட்டிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மறைக்கல்வி வகுப்பும் தியானமும் நடத்துகிற கத்தோலிக்கன் நான். அந்தப் பக்கத்துச் சாய்வு என் பதிலில் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த வசனம். “அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள், அவர்கள், அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்.” இயேசு அப்போது எந்தப் பழக்கத்தை மனதில் வைத்துச் சொன்னார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. தெய்வங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கும் மந்திர வழக்கம் என்பார் சிலர். தெய்வத்தைப் புகழ்ந்து பேசி மசியவைக்கும் நீண்ட வேண்டுதல் என்பார் சிலர். அது இன்னும் முடியாத விவாதம். முடிந்த விஷயம் வசனத்தின் இரண்டாம் பாதியில் இருக்கிறது. சொல்லைக் கூட்டினால் கேட்கப்படும் என்கிற கணக்கைத்தான் அவர் தள்ளுகிறார். அடுத்த வசனமே, நீங்கள் கேட்குமுன்பே உங்கள் பிதா அறிந்திருக்கிறார் என்கிறது. அதற்கடுத்த வசனத்தில் அவரே சொற்களை எடுத்துக் கொடுத்து, இந்த விதமாக ஜெபியுங்கள் என்கிறார். ஆதித் திருச்சபையின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றான தீதாக்கே, அந்த ஜெபத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. திரும்பச் சொல்வதே குற்றம் என்று அந்தத் தலைமுறை புரிந்துகொள்ளவில்லை.

அதே மத்தேயு 26:44-ஐயும் பாருங்கள். கெத்சமனேயில் இயேசு “மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்.” 136-ம் சங்கீதத்தில் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்பது 26 தடவை வருகிறது. ஏசாயாவின் தரிசனத்திலும் வெளிப்படுத்தலிலும் பரலோகமே “பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்” என்று ஓயாமல் சொல்கிறது. இதற்கு மறுபக்கமும் வேதத்தில் உண்டு. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை முதல் மத்தியானம் வரைக்கும் ஒரே வார்த்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. வாயில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது இரண்டு இடத்திலும் இருக்கிறது. கெத்சமனேயில் ஒரு மகன் தகப்பனோடு பேசுகிறார். கர்மேலில் ஒரு சக்தியை இயங்கவைக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. லூக்கா 18-ல் பரிசேயன் சொன்ன ஜெபம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. சொந்த வார்த்தை, கவனம் சிதறாத ஜெபம், ஒரு சொல்கூடத் திரும்ப வரவில்லை. அவனுக்கு அதில் முழு நம்பிக்கையும் இருந்தது. ஆயக்காரன் சொன்னது ஒரே வரி. அவன்தான் நீதிமானாக வீடு திரும்பினான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே “சொந்த வார்த்தையில் சொன்னால் மனசார்ந்த ஜெபம், மனப்பாடம் செய்ததைச் சொன்னால் சடங்கு” என்று கோடு போட முடியாது. சொந்த வார்த்தையும் தேய்ந்துபோகும். “கடந்த நாட்களெல்லாம் கண்ணின் மணிபோல் காத்து வந்தீரே” என்று தொடங்கி “நல்ல பிதாவே” என்று முடிகிற குடும்ப ஜெபம் எத்தனை வீடுகளில் நேற்றுச் சொன்னபடியே இன்றும் வருகிறது! ஆயிரம் ஸ்தோத்திரத்தை எண்ணி எண்ணிச் சொல்கிற சபைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தினமும் ஜெபிக்கிற எவருக்கும் வார்த்தை தடம் பதிந்துபோகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இந்தச் சச்சரவு கொஞ்சம் கூர்மையாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. கோவை, ஈரோடு வட்டாரத்தின் சி.எஸ்.ஐ. சபைகள் பெரும்பாலும் லண்டன் மிஷன் வழி வந்தவை. அந்த மிஷன் 1830-ல் கோவையில் வேலையைத் தொடங்கியது. அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் அச்சடித்த ஜெபப் புத்தகத்தை விட்டுவிட்டு, உள்ளத்திலிருந்து வருகிற ஜெபத்தைப் பெரிதாக நினைத்த பிரிவினர். திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் சபைகளோ ஜெபப் புத்தகத்தோடு வளர்ந்தவை. கத்தோலிக்கர்கள் பக்கம், பாரிஸ் மிஷன் குருக்கள் வளர்த்தெடுத்த கோவை மறைமாவட்டத்தில் ஜெபமாலை வீட்டு வழிபாடாகவே ஊறியது. கருமத்தம்பட்டிக் கோவிலே ஜெபமாலை அன்னையின் பெயரில்தான் இருக்கிறது. அக்டோபர் திருவிழாவுக்கு எத்தனை ஊர்ச் சனம் வரும் என்று பார்த்திருப்பீர்கள். உங்கள் அம்மாவும் அத்தையும் இரண்டு நல்ல பழக்கங்களில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் மற்றவருடைய பழக்கத்தின் கோளாறு மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஜெபமாலையின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படுவதில் நிச்சயமானதும் இருக்கிறது, சந்தேகத்துக்குரியதும் இருக்கிறது. தொமினிக்கன் சபையைத் தொடங்கிய புனித சாமிநாதருக்கு (தொமினிக்) மாதாவே நேரில் கொடுத்தார் என்பது பக்தி மரபு. அவர் காலத்து ஆவணங்களில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. துறவிகள் சொன்ன 150 சங்கீதங்களை வாசிக்கத் தெரியாத மக்கள், அந்த எண்ணிக்கைக்குப் பரலோக மந்திரத்தையும் (கர்த்தருடைய ஜெபம்) பிறகு மங்கள வார்த்தையையும் (“அருள் நிறைந்த மரியே” ஜெபம்) சொல்லி வந்ததிலிருந்து இது பல நூற்றாண்டுகளில் உருவானது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. மங்கள வார்த்தையில் “தூய மரியே, இறைவனின் தாயே” என்கிற இரண்டாம் பாதி, இன்றைய வடிவில் குருக்களின் ஜெபப் புத்தகமான ரோமைத் திருப்புகழ் மாலையில் இடம்பெற்றதே 1568-ல்தான். ஒவ்வொரு பத்துமணியிலும் இயேசு, மாதா வாழ்விலிருந்து தியானிக்கிற காட்சிக்கு மறையுண்மை என்று பெயர். அவற்றில் ஒளியின் மறையுண்மைகளைப் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு மடல் எழுதிச் சேர்த்தது 2002-ல். எழுத்தறியாத அம்மிச்சிகள் வேதத்தைத் திறக்காமலே சுவிசேஷத்தின் முக்கியமான காட்சிகளை வாரம் முழுக்க மனசில் சுமந்திருந்தது இந்த மணிகளின் வழியாகத்தான். அதனால் காட்சி போய் மணி மட்டும் மிஞ்சினால் ஜெபமாலையின் நோக்கமே போய்விடுகிறது. இது என் சொந்தக் கருத்து அல்ல. போப் ஆறாம் பவுல் 1974-ல் எழுதிய மடலில், தியானம் இல்லாத ஜெபமாலை ஆன்மா இல்லாத உடல் என்றும், அது வெறும் வாய்ப்பாடாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்றும் சொல்லி, உங்கள் வீட்டில் காட்டுகிற அதே மத்தேயு 6:7-ஐத்தான் சுட்டிக்காட்டுகிறார். பிறந்த வீட்டாரின் கவலையைத் திருச்சபையும் பகிர்ந்துகொள்கிறது என்று அவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

இனி உங்கள் மனசு ஓடுவதைப் பற்றி. இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தனிக் கேள்வியாகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். கவனம் மூன்று வகை என்கிறார். வார்த்தை தவறாமல் இருக்க வார்த்தைமேல் வைக்கிற கவனம், பொருள்மேல் வைக்கிற கவனம், யாரிடம் பேசுகிறோமோ அவர்மேல் வைக்கிற கவனம். மூன்றாவதுதான் முக்கியம், அது படிக்காதவருக்கும் கூடும் என்கிறார். ஜெபிக்க வேண்டும் என்கிற எண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டால், நம்மை அறியாமல் மனசு நழுவினாலும் ஜெபத்தின் பலனும் வேண்டுதலின் வலிமையும் அற்றுப்போவதில்லை. தெரிந்தே மனசை வேறெங்காவது மேயவிட்டால்தான் குற்றம். ஆனால் மனசுக்குக் கிடைக்கிற தெம்பு, அந்த ஆறுதல், கவனம் இருந்தால்தான் வரும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். உங்கள் நிலைமை அப்படியே இதில் இருக்கிறது. நீங்கள் சொல்வது ஜெபம்தான். ஆனால் அதிலிருந்து உங்களுக்கு வர வேண்டிய தெம்பு வரவில்லை. அந்த வறட்சியை வைத்து “என் ஜெபம் பொய்” என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பொய்யாக இருந்தால், மனசு ஓடுவது உங்களுக்கு உறுத்தியிருக்காது.

ஆகவே நிறுத்தாதீர்கள். சொல்கிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் வேகம். “அருள் நிறைந்த மரியே” முழுவதையும் நிதானமாகச் சொல்ல 12 முதல் 15 விநாடி பிடிக்கும். 53 மணி, ஆறு பரலோக மந்திரம், விசுவாசப் பிரமாணம், திரித்துவப் புகழ் எல்லாம் சேர்ந்தால் 20 நிமிடம், மன்றாட்டுமாலை தனி. உங்கள் வீட்டில் 12 நிமிடத்தில் முடிகிறது என்றால் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது என்று அர்த்தம். எங்கே ஏறுகிறது என்று ஒரு நாள் காதுகொடுத்துக் கேளுங்கள். முன்னால் சொல்கிறவர் “உம்முடைய திருவயிற்றின் கனியாகிய” என்பதை எட்டும்போதே பதில் சொல்கிறவர்கள் “தூய மரியே” என்று எடுத்துவிடுவார்கள். நடுவில் நசுங்குவது “இயேசு” என்கிற பெயர். ஒவ்வொரு மணியிலும் அந்தப் பெயர்தான் அச்சாணி என்று இரண்டாம் ஜான் பால் எழுதியிருக்கிறார். “ஆசீர்வதிக்கப்பட்டவரே” என்று முன்னவர் முடித்து, ஒரு மூச்சு விட்ட பிறகு மற்றவர்கள் தொடங்கட்டும். இதை மட்டும் செய்தாலே பாதிக் கோளாறு தீரும். அத்தையிடம் நேராகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், “அத்தை, இன்னிக்கு நான் முன்னாடி சொல்லட்டுங்களா?” என்று கேட்டு ஒரு பத்துமணியை வாங்கிக்கொள்ளுங்கள். சொல்கிறவர் நிதானித்தால் வீடே நிதானிக்கும்.

அடுத்தது, மறையுண்மையை அறிவித்த கையோடு மணிக்குப் போகாமல், அதற்கான வேதப்பகுதியிலிருந்து ஒன்றிரண்டு வசனம் வாசித்து, அரை நிமிடம் சும்மா இருப்பது. இதை இரண்டாம் ஜான் பாலின் அந்த 2002 மடலே பரிந்துரைக்கிறது. சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்த உங்களுக்கு வேதப்புத்தகம் கைப்பழக்கம். இந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். செவ்வாயும் வெள்ளியும் துயர மறையுண்மைகள். முதலாவதுக்கு மத்தேயு 26:36-46, இரண்டாவதுக்கு யோவான் 19:1, மூன்றாவதுக்கு மத்தேயு 27:27-31, நான்காவதுக்கு லூக்கா 23:26-32, ஐந்தாவதுக்கு லூக்கா 23:33-46. முழுதாக வாசித்தால் நீண்டுவிடும், இரண்டு வசனம் போதும். மறையுண்மை மனசில் நிற்க இன்னொரு வழி, இயேசுவின் பெயருக்கு முன்னால் ஒரு தொடரைச் சேர்ப்பது. “உம்முடைய திருவயிற்றின் கனியும், எங்களுக்காக முள்முடி சுமந்தவருமாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே” என்று அந்தப் பத்து மணிக்கும் சொல்லலாம். சில நாடுகளில் இது நெடுநாள் வழக்கம். குடும்பமாகச் சொல்லும்போது தடுமாறும், தனியாகச் சொல்லும்போது நன்றாக வரும்.

மனசு ஓடிவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்வது? விட்ட மணிக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஓடிய எண்ணத்தைத் துரத்திக்கொண்டும் போகாதீர்கள். துரத்தப் போனால் அதன் வலையிலேயே விழுவோம், இதயத்துக்குத் திரும்பினால் போதும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2729-ம் எண். நம் மனசு எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தச் சிதறலே காட்டிக்கொடுக்கிறது என்றும் அதே இடத்தில் இருக்கிறது. கூலிப் பாக்கி திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த பத்துமணியை அந்தப் பாக்கிக்காகவே ஒப்புக்கொடுங்கள். “ஆண்டவரே, இந்த வாரம் நூலுக்குப் பணம் கட்டணும், எப்படின்னு தெரியல” என்று உள்ளுக்குள் ஒரு வரி சொல்லிவிட்டு மணியைத் தொடருங்கள். உங்களை இழுத்துக்கொண்டு போன கவலையே வேண்டுதலாகிவிடும்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் இதே இடத்துக்குத்தான் வருகிறார். தன் முடிதிருத்துநர் பேதுருவுக்காக 1535-ல் எளிமையாக ஜெபிப்பது எப்படி என்று ஒரு சிறுநூல் எழுதினார். சவரம் செய்கிறவன் கண்ணும் மனசும் கத்தியிலும் மயிரிலும் இருக்க வேண்டும், பராக்குப் பார்த்தால் வாயோ மூக்கோ கழுத்தோகூட வெட்டுப்படும், ஜெபமும் அப்படித்தான் என்று அவருக்கே புரியும்படி சொல்கிறார். கர்த்தருடைய ஜெபத்தை மனசில்லாமல் ஓட்டுகிறவர்களை நினைத்து, பூமியில் மிகப் பெரிய இரத்தசாட்சி அந்த ஜெபம்தான் என்று வருந்துகிறார். ஆனால் அதைச் சொல்லாதே என்று விலக்கவில்லை. ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து நிதானமாக ஜெபிக்கச் சொல்கிறார். ஒரு விண்ணப்பத்தில் நல்ல எண்ணங்கள் பெருகினால் மீதியை விட்டுவிட்டு அங்கேயே அமைதியாக இரு என்கிறார். கத்தோலிக்கப் பக்கத்தில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளிலும் இதற்கு நெருங்கிய முறை உண்டு. ஒரு சொல்லில் சுவை இருக்கும்வரை அங்கேயே நின்று, நேரம் முடிந்ததும் மீதியை வழக்கம்போலச் சொல்லி முடிக்க வேண்டும். இன்னொரு முறையில் ஒரு மூச்சுக்கு ஒரு சொல். இரு தரப்பாகப் பிரிந்து நின்ற இந்த இரண்டு பேரும் ஒரே புத்தி சொல்கிறார்கள் என்பதை உங்கள் இரண்டு வீட்டிலும் சொல்லுங்கள். காலையில் அடுப்பு வேலைக்கு முன்னால் பத்து நிமிடம், பரலோக மந்திரத்தை மட்டும் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சொந்த வார்த்தை ஜெபத்துக்கும் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஜெபமாலை வந்துவிட்டதால் பிறந்த வீட்டுப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

உடம்பு தளர்ந்துபோன நாளில் ஐந்து பத்துமணிக்குப் பதிலாக ஒன்றை நன்றாகச் சொல்லலாம். காய்ச்சலிலும் சாவு வீட்டிலும் சொந்த வார்த்தை வராது, அப்போது மனப்பாட ஜெபம் நம்மைத் தாங்கும். பிள்ளைகள் பெயர் மறந்துபோன முதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கிப் பாருங்கள், உதடு தானாகச் சேர்ந்துகொள்வதைப் பல வீடுகளில் காணலாம். திரும்பத் திரும்பச் சொல்லி வைத்ததன் அருமை அங்கே தெரியும்.

சடங்காகிப்போவது என்று நான் பயப்படுவது வேறு இரண்டு இடங்களில். “ஒன்பது நாள் சொல்லி ஒன்பது பிரதி அடித்துக் கொடுத்தால் கேட்டது தப்பாமல் நடக்கும்” என்று துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறவை முதல் இடம். உள்ளம் சேராமல் வெளியே சொல்லி முடித்ததாலேயே ஜெபம் பலிக்கும் என்று நம்புவது மூடநம்பிக்கை என்று மறைக்கல்வி 2111-ம் எண் தெளிவாகச் சொல்கிறது. அவற்றை யாருக்கும் அனுப்பாதீர்கள், அழித்துவிட்டதால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது இன்னும் கனமானது. நீங்கள் மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன் என்று ஆண்டவர் ஏசாயா முதல் அதிகாரத்தில் சொல்லும்போது, கவனச் சிதறலைப் பற்றிப் பேசவில்லை. நியாயத்தைத் தேடுங்கள், திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைக்கும் நீதி செய்யுங்கள் என்கிறார். கூலிக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. தறி ஓட்டுகிறவருக்குச் சனிக்கிழமை கூலியை இழுத்தடித்துவிட்டு ஞாயிறு கோவிலில் எவ்வளவு உருகினாலும், சொந்த வார்த்தையில் அழுதாலும், அது மனசார்ந்த ஜெபம் ஆகாது.

இன்னொரு விஷயம், சிலருக்கு மட்டும். சரியாகச் சொல்லவில்லையோ என்கிற பயத்தில் அதே ஜெபத்தை ஐந்தாறு தடவை திரும்பச் சொல்லி, அப்படியும் நிம்மதி இல்லாமல் தவித்தால், அது பக்திக் குறைவல்ல. மனசின் ஒரு வகை நோவாக இருக்கலாம். ஒரு தடவை சொன்னது சொன்னதுதான், திரும்பச் சொல்லக் கூடாது என்று ஒரே குருவானவரிடம் புத்தி கேட்டு அதன்படி நடக்க வேண்டும். அதோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், மருந்தும் பயிற்சியும் பலருக்கு நன்றாகக் கேட்கிறது. உங்கள் எழுத்தில் அந்த அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

மாதாவிடம் பரிந்துபேசக் கேட்பது சரியா என்பது தனிப் பெரிய கேள்வி. உங்கள் மனசாட்சி இன்னும் இடம்கொடுக்கவில்லை என்றால் அந்த வரிகளில் பேசாமல் உட்கார்ந்து மறையுண்மையை நினைத்துக்கொண்டிருங்கள். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரர் வழியாக அத்தையிடம் சொல்லச் சொல்லலாம்.

கடைசியாக, விட்ட நாளைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஜெபமாலை கடமைக் கணக்கில் வருவதல்ல, விட்டால் பாக்கியும் ஏறாது. விட்ட நாள் போகட்டும், இன்றைக்கு உரிய மறையுண்மையோடு தொடங்குங்கள். ஒன்பது நாள் தொடர்ந்து சொல்லும் நவநாள் ஜெபம் நடுவில் அறுந்தாலும் அப்படித்தான். அத்தை எப்போதாவது ஆண்டவருக்கு நேர்ந்து பொருத்தனை செய்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. யோசித்து, தெரிந்து, ஆண்டவருக்கென்று கொடுத்த வாக்குறுதிதான் பொருத்தனை. “தினமும் சொல்லிடறேன் மாதாவே” என்று பேச்சுவாக்கில் சொன்னது அதில் சேராது. உண்மையிலேயே பொருத்தனை இருந்து, வயதினாலோ உடம்பினாலோ நிறைவேற்ற முடியாமல் போனால், தகுந்த காரணத்துக்காக அதிலிருந்து விடுவிக்கப் பங்குக் குருவுக்கே திருச்சபைச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது, 1196-ம் விதி. ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தையை அழைத்துப் போய் சாமியாரிடம் ஐந்து நிமிடம் பேசினால் முடிந்துவிடும்.